பெருங்காற்றுக்குப் பின் ஓர் ஆட்டம்

திருவரங்குளம்
4.8.2025

அன்புள்ள ஹஃப்சாவுக்கு,

வைஷ்ணவி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் அர்ஷத் அண்ணனும் உன் மாமியாரும் நலம்தானே? போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள் எனக்காக ஒன்று எழுதிக்கொள்ளக் கூடாதா?

நேற்று ஞாயிறு, அஜித்தின் செல்போன் கடை மாடியில் உன் நாற்காலி காலி. அஜித்தும் வசந்தும் பகடையை உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். நாலு வருஷமாக நாம் நாலு பேரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்ந்திருக்கிறோம். நான் கதையைச் சொல்வேன். நீங்கள் மூவரும் "நான் இப்ப இதைச் செய்யறேன்" என்பீர்கள். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். ராஜா, பூதம், புதையல் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "ஒலகமே அழிஞ்சதுக்கு அப்புறம் நடக்குற மாதிரி ஒண்ணு போடு வைஷு, எம்புட்டு நாளைக்குத்தான் பூதத்தையே அடிக்கிறது" என்று அஜித் நச்சரித்தான். நானும் மாற்றினேன்.

வெளிநாட்டுப் பாழ்நகரம் எதற்கு, நமக்குக் கஜா புயல் இருக்கிறதே என்று தோன்றியது. பெருங்காற்று அடித்து, கரண்ட் இனி வரவே வராத ஓர் ஊர். ஊருக்கு ஒரே ஜெனரேட்டர். மூச்சு மெஷினுக்காகக் காத்திருக்கும் ஒரு பெரியவர். நீ அந்த ஊர் மருத்துவச்சி. முந்தின ஞாயிறு ஆட்டத்தில், தண்ணீருக்கு நின்ற ஜனம் ஜெனரேட்டரைப் பிடுங்கிக்கொண்டு போனது. நீ தடுக்கப் பார்த்தாய், பகடையில் இரண்டுதான் விழுந்தது, பலிக்கவில்லை. பெரியவர் இறந்துவிட்டார் என்றேன். நீ உன் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். உன் பஸ் ஐந்தேகாலுக்கு. அப்போது நாலரைகூட ஆகவில்லை.

புயலின்போது உன் அத்தா மூச்சுக்குப் பட்ட பாடு ஊருக்கே தெரியும். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்து ஆட்டத்தில் போட்டது தப்பு. பெற்ற அப்பாவின் சாவை உனக்கு ஞாபகப்படுத்திவிட்டேன். மன்னித்துக்கொள். அந்த ஊரையே கிழித்துப் போட்டுவிடுகிறேன். நீ வா, பழையபடி பூதத்தையே அடிப்போம்.

உன்,
வைஷு


கீரனூர்
10.8.2025

அன்பு வைஷுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமிதான் வாங்கினார். "கோர்ட்டுலேர்ந்து ஏதும் வந்துருக்காம்மா?" என்று பயந்துவிட்டார். மறுநாள் திருச்சிக்கு லேபுக்குப் போகும்போது பஸ்ஸில் வைத்துப் படித்தேன். மனு எழுதிப் பழகிய கை என்று தெரிகிறது, அப்படி ஒரு பணிவு. நீ எனக்கு இவ்வளவு பணிய வேண்டாம், பார்க்கச் சகிக்கவில்லை.

அத்தாவின் சாவைப் பற்றி நான் யாரோடும் பேசுவேன். தன் கட்டிலில், எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு போனவர். ஆட்டத்தில் அந்தப் பெரியவர் செத்தது எனக்கு வலிக்கவில்லை. ஜனம் ஜெனரேட்டரைப் பிடுங்கியது என்றாயே, அதுதான் வலித்தது.

நடந்தது உனக்கும் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். பதினெட்டு நாள் கரண்ட் இல்லை. பஞ்சாயத்து ஜெனரேட்டர் லோடு ஆட்டோவில் காலை ஆறு மணிக்கு வரும், எட்டு மணிக்கு அடுத்த ஊருக்குப் போய்விடும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைச் சைக்கிளில் வைத்து நானும் என் அண்ணனும் டேங்கடிக்குத் தள்ளிக்கொண்டு வருவோம். அது சார்ஜ் ஏறினால்தான் அத்தாவின் மெஷின் அன்றைக்கு ஓடும். பேட்டரி சார்ஜையும் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துப் போட்டால் ஜெனரேட்டர் நின்றுவிடும். முதல் நாளே உங்கம்மா சொன்னார், "மொதல்ல அந்தப் புள்ளைக்குப் போடுங்கப்பா, நாம செத்த நிப்போம்." அதுவே ஏற்பாடாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு, மீதிதான் மோட்டாருக்கு. டேங்க் பாதிகூட நிரம்பாது. வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் வெறும் குடத்தோடு போவார்கள். ஒருத்தர்கூட வந்து ப்ளக்கில் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தா மூன்றரை வருஷம் இருந்தார். என் நிக்காஹில் தன் கையால் கையெழுத்துப் போட்டார். நான் அந்த ஊருக்கு இதுவரை ஒரு நன்றி சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் வெட்கம்தான் இருந்தது. அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன், அதற்குள் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். நான் நன்றிகூடச் சொல்லாத ஜனத்தை நீ வழிப்பறிக் கூட்டமாக்கினால் எனக்கு எப்படி இருக்கும்?

நீயும் அந்த வரிசையில் நின்றவள்தானே. உனக்கு எப்படி மனசு வந்தது? இதற்கு மட்டும் பதில் எழுது. உங்களோடு இனி உட்கார முடியுமா என்று அதற்குப் பிறகு பார்க்கிறேன்.

ஹஃப்சா


திருவரங்குளம்
17.8.2025

அன்புள்ள ஹஃப்சாவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உலகம் அழிந்த கதை என்றால் அப்படித்தான் இருக்கும், தாகம் வந்தால் மனுஷன் மனுஷனாக இருக்க மாட்டான் என்று முதலில் எழுதினேன். அது ஆட்டப் புத்தகங்களில் படித்தது. புத்தகத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், உன்னிடம் அது நடக்காது.

எங்கள் வீடு கடைக்கோடி. நாங்கள் வந்து சேர்வதற்குள் வரிசை நீண்டிருக்கும். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, மறுபடியும் எங்கள் குடத்துக்குத் தண்ணீர் வரவில்லை. நான் குளித்து நாலு நாளாகியிருந்தது, மாதவிடாய் வேறு. கட்டியிருந்த துணியை அலசக்கூட ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. நீ பேட்டரி பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்: இந்த ஆள் செத்துத் தொலைந்தால் எங்களுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

இதே வார்த்தைகள்தான், ஹஃப்சா. ஒரு நாள் இல்லை, அதற்குப் பிறகு தினமும் நினைத்தேன். முதலில் உங்களுக்குப் போடச் சொன்ன அம்மாவோடும் சண்டை போட்டேன். அதற்கப்புறம் உன் அத்தா தெருவில் பார்க்கும்போதெல்லாம் "என்னத்தா, நல்லாருக்கியா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவேன்.

ஆட்டத்தில் ஜெனரேட்டரைப் பிடுங்கியது ஊர் இல்லை, நான்தான். கதையைத் தயார் செய்தபோது எனக்கே இது தெரியாது. நீ கேட்ட பிறகுதான் தெரிந்தது. இனி நீ வராவிட்டால் அது நியாயம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வைஷ்ணவி


திருவரங்குளம்
7.9.2025

ஹஃப்சா,

பதில் கேட்டு எழுதவில்லை. நான் அப்படி எழுதியதற்கு நீ பதில் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அதிகம். ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். "அவ வராட்டி வேற ஆளச் சேத்துக்குவமா?" என்று அஜித் கேட்டான். வேண்டாம் என்றேன். இரண்டு நாளாக இங்கே நல்ல மழை. "அந்தப் புள்ளைய ஏன் இங்கிட்டுக் காணோம்?" என்று அம்மா கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வைஷ்ணவி


கீரனூர்
14.9.2025

அன்பு வைஷுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று அதை அடுப்பில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். போடவில்லை, பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் வீட்டில் எந்த வேலையும் ஓடவில்லை. அர்ஷத் என்னவென்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பாவம், தானே காபி போட்டுக் குடிக்கப் பழகிவிட்டார்.

கோபம் ஆறின பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் டேங்கடியில் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன் என்றுதானே நினைக்கிறாய்? முதல் இரண்டு நாள்தான் அப்படி. அப்புறம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் முதலில் வந்து ப்ளக்கைப் பிடுங்குவார்கள் என்று. உன் முகத்தையும் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். உங்கம்மா முகத்திலேயே சில நாள் எரிச்சல் இருந்தது. ஏழு வருஷத்தில் நான்தான் உங்களையெல்லாம் சிரித்த முகத்தோடு நின்றவர்களாக மாற்றி வைத்துக்கொண்டேன். உன் ஆட்டத்தில் பொய் இருந்தது என்று சண்டைக்கு வந்தேனே, என் ஞாபகத்திலும் பொய் இருந்தது.

அத்தா சாகட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் நீ நின்றாய். மறுநாளும் வந்து நின்றாய். "எங்களுக்கு மட்டும் தண்ணி வேணாமா?" என்று நீ வாய் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், பின்னால் பத்துப் பேர் சேர்ந்திருப்பார்கள். நீ கேட்கவில்லை. எனக்கும் அத்தாவுக்கும் வந்து சேர்ந்தது நீ பொறுத்து நின்றது மட்டும்தான், நீ மனசுக்குள் நினைத்தது எங்கள் மேல் படவே இல்லை.

ஆட்டத்தில் வரும் அந்த ஊரைக் கிழித்துப் போடாதே. அதற்காக அவர்களை நல்லவர்களாகவும் ஆக்காதே. முணுமுணுக்கட்டும், திட்டட்டும், பெரியவர் சாகட்டும் என்றுகூட நினைக்கட்டும். அப்படியும் நிற்கிறார்களா என்று ஆடிப் பார்ப்போம். ஒன்றே ஒன்று, இனிமேல் எங்கள் வீட்டுச் சங்கதி எதையும் எடுக்கும் முன் கேள். அஜித்துக்கும் வசந்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலையிலேயே வந்துவிடுவேன். ஆட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், உங்கம்மாவிடம் ஆரம்பித்து. நீயும் கூட வா. எனக்கு முகங்கள்தான் தெரியும், பாதிப் பேரின் பெயர் தெரியாது. உனக்கு முன்னால் யார் நின்றார்கள், பின்னால் யார் நின்றார்கள் என்று உனக்குத்தான் தெரியும்.

உனக்கு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரில் என்றால் அழுதுவிடுவேன், பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். அத்தா இருந்த அந்த மூன்றரை வருஷத்துக்கு நன்றி, வைஷு.

உன்,
ஹஃப்சா