கஞ்சா வக்கீலுக்கு, எதிர்த்தரப்பிலிருந்து

அடியே,

காலையில் புளிச்சகீரை ஆய உட்கார்ந்தேன். கீழே விரித்த பழைய பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு ஒரு படம்: ட்ரோன் மேலிருந்து பிடித்த கஞ்சாத் தோட்டம். மேலே கீரை, கீழே கஞ்சா. இரண்டுக்கும் விரித்த கை மாதிரி இலை. விரலெல்லாம் அந்தப் புளிப்பு வாசனை ஏறியதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடத்திலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா, தனியா சிரிச்சிகினு கீற?”

“அவ நெனப்பு வந்துச்சு,” என்றேன்.

யாரென்று அவர் கேட்கவில்லை. பேப்பரைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. மாரடைப்பு என்றார்கள். ஒருநாள்கூடப் படுக்காமல் போய்ச் சேர்ந்தாய். எத்தனையோ காலை உன்னை நினைத்து இந்த அடுப்படியிலேயே அழுதிருக்கிறேன். இன்றைக்கு அதற்கு நேரமில்லை. மத்தியானம் திருப்பதிக்கு பஸ் ஏற வேண்டும். சாயங்காலம் கல்லூரியில் விவாதம். நம்முடைய அதே தலைப்புதான்: கஞ்சாவுக்குச் சட்டத்தில் இடம் கொடுக்கலாமா, கூடாதா? மேடையில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் எது எனக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் ஜட்ஜ் தூங்கிவிடுவார் என்று நீதானே சொல்வாய்.

நகரியில் ஒரே தெரு நமக்கு. உங்கள் வீட்டு விசைத்தறியும் எங்கள் வீட்டு விசைத்தறியும் போட்டி போட்டுச் சத்தம் போடும். அதற்கு மேல் கத்திப் பேசிப் பேசித்தான் நமக்கு இந்தத் தொண்டை வாய்த்தது. திருப்பதியில் ஒன்றாகப் படித்தோம். நீ கறுப்புக் கோட்டு போட்டாய், நான் காக்கி போட்டேன். எக்ஸைஸில் நான் பிடிப்பேன், சித்தூர் கோர்ட்டில் நீ விடுவிப்பாய். “நான் புடிக்கிறதும் நீ உடறதுமா இன்னாடி இது பொழப்பு?” என்று சண்டைக்கு வருவேன். “நீ சரியா புடிச்சா நான் இன்னாத்துக்கு உடப்போறேன்?” என்பாய். அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வரும்.

வார்டுத் தேர்தலில் நீ சுயேச்சையாக நின்ற வருஷம் நினைவிருக்கிறதா? ஊரில் எல்லோரும் தண்ணீர், சாக்கடை என்று பேசிக்கொண்டிருக்க, உன்னிடம் யாரோ கஞ்சாவைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தார்கள். ஓட்டு கேட்க வந்தவள் நாசூக்காக நழுவ வேண்டாமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் மைக்கைப் பிடித்து விளாசிவிட்டாய்.

“சாராயக் கடைக்கு கவர்மெண்டே போர்டு மாட்டுது. இதுக்கு மட்டும் ஜெயிலா? லாரி லாரியா கடத்துறவன் செக்போஸ்ட தாண்டி போய்க்கினே கீறான். ரெண்டு செடி வச்சவன் மாட்டிக்கிறான். சட்டத்த டில்லியில எழுதறாங்க, அடி நம்ம ஊர்ல உழுது. நம்ம ஸ்டேட்டுக்கு இதுல ஒரு வார்த்த பேச வாய் கீதா?”

மறுநாள் சுவரெல்லாம் போஸ்டர். கஞ்சா வக்கீல். உன் படத்துக்குப் பக்கத்தில் அந்த இலையை வேறு வரைந்திருந்தார்கள். ஆளுங்கட்சிக்காரன் திட்டினான், எதிர்க்கட்சிக்காரனும் திட்டினான். ஊரில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். நீ போஸ்டரைப் பார்த்துவிட்டு, “இலைய தப்பா வரைஞ்சி கீறாங்கடி, இது புளிச்சகீர மாதிரி கீது,” என்றாய். விளையாட்டாகச் சொன்னாய். அந்த வாரமே அது விளையாட்டில்லாமல் போனது.

பிச்சாட்டூர் ஏரிப் பக்கம் முனியம்மாவின் வயல். புருஷன் இல்லை, இரண்டு மாடு, கீரை விற்றுத்தான் பிழைப்பு. வெளியூரிலிருந்து வந்த மத்தியக் குழு ஒன்று ட்ரோனில் படம் பிடித்து, வயல் முழுவதும் கஞ்சா என்று முடிவு கட்டிவிட்டது. உள்ளூர் அதிகாரி என்று கையெழுத்துப் போட என்னை வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பாதி வயலை வெட்டிக் கட்டுக்கட்டாகத் தராசில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் புளிச்சகீரை!

“சார், இது கீரை. நாங்க துன்றது,” என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில். கிராம வருவாய் அலுவலர், “கோங்கூரா சார், கோங்கூரா,” என்று தெலுங்கில் மன்றாடினார். குழுவின் தலைவர் இளைஞர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருந்த டேப்லெட்டைத்தான் நம்பினார். அதில் வயல் முழுக்கச் சிவப்புக் கட்டம். நாங்கள் ஊர்க்காரர்கள், ஊர்க்காரிக்காகப் பொய் சொல்கிறோம் என்று நினைத்தார். அந்த எடை அப்படியே எழுதப்பட்டிருந்தால் முனியம்மாவுக்கு ஜாமீன் குதிரைக் கொம்புதான். வழக்கு முடிகிற வரைக்கும் உள்ளேதான் கிடந்திருப்பாள். மாட்டையும் வயலையும் யார் பார்ப்பது? அவளோ என் காக்கியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் உன் ஸ்கூட்டி வரப்பில் குதித்துக் குதித்து வந்தது. ஓட்டு கேட்கப் போன இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் நேராகப் போய் ஒரு கொத்து இலையைக் கிள்ளி வாயில் போட்டு, மாடு மாதிரி மென்றாய். இன்னொரு கொத்தைக் கிள்ளி அந்த அதிகாரியிடம் நீட்டினாய்.

“துன்னு பாருங்க சார். இது கஞ்சான்னா ஆந்திரா மொத்தமும் தெனம் மத்தியானம் போதையிலதான் கீது!”

கூட்டம் ஓவென்று சிரித்தது. அவரும் வீம்புக்கு வாயில் போட்டார். பச்சை இலையின் புளிப்பு ஏறி முகம் கோணிய கோணலைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன், யூனிஃபார்மோடு. அதுதான் வினையானது. அவருக்கு முகம் சிவந்தது. ஒரு இலை புளித்தால் எல்லாச் செடியும் கீரையாகிவிடுமா, படம்தான் ஆதாரம், மீதி எல்லாம் லேப் சொல்லட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டார்.

நீ இன்னும் இலை பறிக்க மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாய். போனவள் குனிந்தபடியே நின்றுவிட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? உன் தோள் நின்ற விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்தது. பின்னாலேயே வந்து பார்த்தேன். கொட்டகைச் சுவரை ஒட்டி, கீரையோடு கீரையாக, இரண்டு மூன்று செடிகள். அசல் சரக்கு.

முனியம்மாவின் முகம் செத்துவிட்டது. “மாட்டுக்குமா,” என்றாள். “வயிறு உப்பினா அரைச்சி வெல்லத்துல வச்சி குடுப்போம். எங்க மாமியா காலத்துலேந்து வைக்கறதுதான்.” அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அது மாட்டு மருந்து. வேப்பிலை மாதிரி, கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சட்டம் என்ற ஒன்று அதற்குள் வந்திருப்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

நான் காக்கியில் நிற்கிறேன். கண்டதைச் சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறக்கப் போனேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். கெஞ்சல் இல்லை அதில். பொறு என்றது, அவ்வளவுதான். பொறுத்தேன்.

நீ முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாய். “மறைச்சா ஒன் வயல் மொத்தமும் கஞ்சாதான். எது கஞ்சான்னு நீ காட்டினாத்தான் எது கஞ்சா இல்லன்னு அவருக்குத் தெரியும். கேஸ் வரும், நான் பாத்துக்கறேன். பயந்துக்காத. நீயே போய் காட்டு.”

முனியம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாடுகளைப் பார்த்தாள். பிறகு அந்தச் செடியில் ஒரு கிளையை ஒடித்து, கீரையில் ஒரு கிளையை ஒடித்து, இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

“இது மாட்டுக்கு. இது மனுசனுக்கு,” என்றாள்.

நான் இந்தியில் சொன்னேன். மனிதர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கீரைத் தண்டில் சிவப்பு ஓடியிருக்கிறது, இதில் இல்லை. முகர்ந்தால் வாசனை வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் குருடனுக்கும் தெரியும். அவர் பேனாவை மூடினார். தராசிலிருந்த கட்டுகளை இறக்கச் சொன்னார். அந்த இரண்டு மூன்று செடிகளை மட்டும் பிடுங்கி எடை போட்டார்கள். தராசு முள் அசையவே யோசித்தது.

கூட்டம் உன்னைக் காய்ச்சி எடுத்தது. கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கிறவளே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு பக்கம். கஞ்சா வயலுக்கு வக்கீல் வந்துவிட்டாள் பார் என்று இன்னொரு பக்கம். திரும்பி வருகிற வழியில் உன்னிடம் நானே கேட்டேன்: “சட்டமே தப்புன்னு சொல்றவ, மறைச்சிட வேண்டியதுதானே?”

“மேடையில சட்டம் தப்புன்னு பேசிட்டு வயல்ல பொய் சொன்னா, அப்புறம் மேடையில எந்த மூஞ்சிய வச்சிகினு பேசறது?” என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த மரியாதையை உன்னிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பாய்.

முனியம்மாவுக்குச் சீக்கிரமே ஜாமீன் கிடைத்தது. அதுவரை அவள் மாடுகள் உங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றன. தறிச் சத்தத்தில் மிரண்டு பால் கறக்கவிடவில்லை என்று நீ புலம்பியது தனிக் கதை. விசாரணையில் என்னையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தாயே, அதை மறக்க முடியுமா? முந்தின நாள் என் வீட்டில் தோசை தின்றவள் மாதிரியா இருந்தாய்? யாரோ எவரோ மாதிரி, “சாட்சி புளிச்சகீரை சமைப்பதுண்டா?” என்று சுத்தத் தெலுங்கில் கேட்டாய். உண்டு என்றேன். “கஞ்சா என்று சந்தேகம் வந்ததுண்டா?” இல்லை என்றேன். “அப்படியானால் ட்ரோனைவிடச் சமையல்காரியின் கண் நல்லது, சரிதானே?” நீதிபதியே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஏற்கெனவே சிறையில் இருந்த நாள்களே தண்டனையாகக் கழிந்தன. முனியம்மா கோர்ட்டு வாசலில் உன் காலில் விழப் போக, நீ பதறி அவள் காலில் விழப் போக, இரண்டு பேரும் முட்டிக்கொண்டீர்கள்.

தேர்தலில் நீ தோற்றாய். அது கிடக்கட்டும். நான் ரிட்டையர் ஆனதும் நமக்கு விடிந்தது. கல்லூரி கல்லூரியாக நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நீ வேண்டும் என்பாய், நான் கூடாது என்பேன். ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒரே டப்பாவில் கோங்கூரா சாதம். இறங்கி மேடை ஏறியதும் கடித்துக் குதறிக்கொள்வோம். எத்தனை வீட்டில் சாராயம் தாலியை அறுத்ததை என் கண்ணால் பார்த்தேன், அது போதாதென்று இன்னொன்றுக்கும் கடை திறக்கச் சொல்கிறாயா என்று நான் கேட்கும்போது அரங்கம் கை தட்டும். நீயும் தட்டுவாய். தட்டி முடித்துவிட்டு எழுந்து வந்து என்னை உரித்துத் தொங்கவிடுவாய்.

கடைசியாகச் சித்தூரில் பேசிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: “ஒரு நாளாவது என் பக்கம் நின்னு பேசிப் பாருடி. அப்பதான் ஒனக்குத் தெரியும்.”

“நீ உசுரோட கீற வரைக்கும் எதிர்லதான் நிப்பேன்,” என்றேன். சிரித்தோம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன் பார்.

இப்போது நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அந்தக் கல்லூரியிலிருந்து பேசினார்கள். கூடாது என்று பேச நீங்கள் இருக்கிறீர்கள் மேடம், வேண்டும் என்று பேசத்தான் ஆளே கிடைக்கவில்லை என்றார்கள். கேட்ட இடத்திலெல்லாம் பெயர் கெட்டுவிடும் என்று பின்வாங்கிவிட்டார்களாம். அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, என்னைத் தனியாக ஒரு சொற்பொழிவு செய்யச் சொன்னார்கள். எனக்கு எங்கிருந்தோ பற்றிக்கொண்டு வந்தது. உன் நாற்காலியை எடுப்பதா? நீ பேசிய அத்தனையும் ஒரே வருஷத்தில் பேச ஆளில்லாத பேச்சாகிவிடுவதா?

“எடுக்காதீங்க. அதுல நான் ஒக்காந்துக்கறேன். கூடாதுன்னு பேச யாரையாவது புடிங்க. அதுக்கு ஊருல ஆளு நெறைய கீறாங்க,” என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி வைத்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுப் பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. எதற்கு? இத்தனை காலம் மறுத்து மறுத்து உன் வாதம் முழுவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த இடத்தில் நிறுத்துவாய், எங்கே தண்ணீர் குடிப்பாய் என்பதுகூடத் தெரியும். நேற்று முனியம்மா போன் செய்தாள். கீரை அனுப்பி வைத்தவளும் அவள்தான். “மேடம், அந்த அம்மா மாதிரியே பேசணும், தெரியுதா?” என்று எனக்கே உத்தரவு. அவளும் பிச்சாட்டூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். முன் வரிசையில் உட்காருவாளாம்.

கீரை ஆய்ந்து முடித்துவிட்டேன். ஒரு கொத்தை மட்டும் ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன், எதிரே பேச வருகிறவருக்கு நீட்ட. டப்பாவில் சாதம் கட்டியாயிற்று. பழக்க தோஷம், இரண்டு பேருக்குக் கட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் கட்சியை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கூடாது என்றுதான் இந்த நிமிஷமும் நினைக்கிறேன். ஆனால் உனக்காக எழுந்து நிற்கும்போது அரை மனதாகப் பேச என்னால் முடியாது, அது உனக்கும் தெரியும். அதனால் காலையிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான்.

இன்றைக்கு நான் ஜெயித்துவிட்டால் என்னடி செய்வது?