ஆனிக் காற்றில் நம் சரோஜாவின் கல்யாணம்

என் மயிலுக்கு,

நம் சரோஜாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. முந்தாநாள் விடிகாலையில், நம் தோட்டத்தில், கிணற்றுக்கு மேற்கே இருக்கிற களத்தில். உன்னிடம் நேரில் சொல்ல வழியில்லை, அதனால் எழுதுகிறேன். வேறு யாராவது படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

எனக்கு உட்காரவே முடியவில்லை, மயிலு. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து களத்தைப் போய்ப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். என் தம்பி பழனி, "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சில்லீங்கண்ணா, சித்த நேரம் உக்காருங்க" என்கிறான். எது முடிந்தது, எது முடியவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

மாப்பிள்ளை பெயர் நடராஜன். பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை, எல்லைப் பக்கம். நல்ல பையன், வார்த்தைக்கு வார்த்தை "சரிங்க மாமா" என்பான். அவனுக்கு லீவு கிடைத்ததே ஆனி மாதத்தில்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் சிங்காநல்லூர் வரைக்கும் வந்து தென்னை மரங்களைத் தலைவிரித்து ஆட வைக்கும் மாதம் அது. சம்பந்திக்குக் காந்திபுரத்தில் ஜவுளிக்கடை. அவர் வந்து மரியாதையாகத்தான் சொன்னார். "டவுன்ல மண்டபம் புடிச்சுக்கலாமுங்க. லைட்டு, பேன் எல்லாம் இருக்குது. காத்துல எதுக்குங்க சிரமம்?"

நான் தலையாட்டிவிட்டேன். உன் மகள் ஆட்டவில்லை. "யாரோ கட்டுன தோரணத்துக்கு அடியில போயி நான் உக்காரோணுமாங்கப்பா? நம்ம தோட்டத்துல, நம்ம கையால செஞ்சு வெச்சுக்கலாமுங்க" என்றாள். அந்தப் பிடிவாதம் யாருடையது? நான் சொல்ல வேண்டுமா?

அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் கையும் சும்மா இல்லை. பழனியின் மனைவி ருக்கு, ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தென்னங்கீற்று பின்னினாள். கலர்க் காகிதம் ஒரு துண்டுகூட வரக்கூடாது, பச்சையும் வெள்ளையும் செம்மண்ணும்தான் என்று சரோஜாவின் உத்தரவு. அவளே குருத்தோலையில் கிளி மடித்தாள், பானைகளுக்குச் சுண்ணாம்பு பூசித் தாமரை வரைந்தாள். நான் மில்லில் மேஸ்திரியைக் கேட்டு, கழித்துப்போட்ட, நூல் சுற்றும் பாபின் கட்டைகளை ஒரு சாக்கு வாங்கி வந்து, இழைத்து, வெள்ளை அடித்து, மல்லிகைச் சரம் தொங்கவிடக் கோத்தேன். இத்தனை வருடம் மிஷினைக் கழற்றி மாட்டிய கைக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் மூன்று தடவை கழற்றிக் கோத்தேன். மனம் நிற்கவில்லை. லீவு ரத்தென்று தந்தி வந்துவிட்டால்? காற்று வலுத்தால்? உன் அண்ணன் வராவிட்டால்?

அவர் என்னோடு பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆயிற்று. நீ போன அன்று வாசலில் நின்று, "என் தங்கச்சி சீக்கா இருந்தத எனக்கொரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே" என்று கேட்டவர்தான். அதற்குப் பிறகு வரவே இல்லை. வெற்றிலை பாக்கோடு நான் சென்னிமலைக்குப் போனேன். தறியை நிறுத்தாமலே பேசினார். "தாய்மாமன் சீரு நான் செய்வேனுங்க. பந்தலுக்கு மேல கட்டற துணியும் நானே நெய்ஞ்சு எடுத்தாரேன். அதுக்காக உங்ககூடப் பேசோணும்னு இல்லீங்க."

பஸ் ஏறி வரும்போது எனக்கு ஒரே குடைச்சல். சொல்லாதீங்க என்றவள் நீதானே? "அண்ணிக்குப் பேறுகாலமுங்க. கேட்டா அண்ணன் எல்லாத்தையும் உட்டுப்போட்டு ஓடியாந்துரும். சொல்லிப்போடாதீங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். உன் வார்த்தையைக் காப்பதா, அவரிடம் சொல்லி என்னைக் காத்துக்கொள்வதா? நான்கு வருடமும் இதே யோசனைதான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு சின்னச்சாமி மச்சான் வந்தார். வெள்ளைத் துணி, ஓரத்தில் அரக்குச் சிவப்புக் கரை, களம் முழுக்க விரிகிற அகலத்துக்குச் சேர்த்துத் தைத்தது. பெண்கள் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தவர், கீழே கயிறு பிடித்திருந்த என்னைப் பார்க்காமலே சொன்னார். "இதையெல்லாம் பாக்க அவ இருக்கோணும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூக்கிட்டுப் போயாவது வைத்தியம் பாத்திருப்பேன்."

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். சரோஜாதான் பானையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மாதானுங்க மாமா சொல்ல வேண்டாம்னாங்க. அத்தைக்குப் பேறுகாலம்னு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்பா மேல கோவிச்சுக்காதீங்க."

மச்சான் ஏணியிலிருந்து இறங்கினார். குளத்துப் பக்கம் நடந்தார். பொழுது சாய்ந்துதான் திரும்பினார். ருக்கு வைத்த சோற்றைத் தின்றுவிட்டுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமா, வருத்தமா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின மதியம் வந்தது காற்று. புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேற்கிலிருந்து ஒரே மூச்சாக அடித்தது. பந்தலின் ஒரு பக்கம் எழும்பியது, கால்கள் பிடுங்கிக்கொண்டன, அத்தனையும் களத்தில் சரிந்தது. ஓலைக்கிளிகள் வேலிக்கு அந்தப் பக்கம் பறந்தன. பானைகளில் பாதி உடைந்தது. நல்லவேளை, ஒருவருக்கும் அடி இல்லை. திரும்ப இரண்டு தடவை கால் நட்டோம், இரண்டு தடவையும் சாய்த்துவிட்டது.

சம்பந்தி காரில் ஓடி வந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. தெரிஞ்ச மண்டபம் ஒண்ணு காலியா இருக்குது. ஒரு வார்த்தை சொல்லுங்க." எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன், மயிலு. நிஜமாகவே எடுத்தேன்.

சரோஜா விழுந்து கிடந்த கீற்றை விலக்கி, துணியை உருவி எடுத்தாள். மண் ஒட்டியிருந்தது, எங்கும் கிழியவில்லை. அதை உதறிவிட்டு, "கால் நிக்காட்டி ஆளு நிக்கட்டுமுங்க. முகூர்த்த நேரம் மட்டுந்தானுங்களே, நம்ம சனமே நாலு பக்கமும் புடிச்சுக்கட்டும்" என்றாள்.

சம்பந்தி சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். நடராஜன்தான், "அப்படியே செஞ்சுரலாமுங்கப்பா. நம்ம பக்கத்து ஆளுங்களும் புடிக்கட்டும்" என்றான். அவன் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விடிகாலையில் காற்று அடங்கவில்லை. இரண்டு வீட்டு ஆண்களும் பெண்களும் துணியின் ஓரத்தைப் பிடித்து நின்றார்கள். பழனியும் ருக்குவும் தாரை வார்க்க முன்னே உட்கார்ந்தார்கள். நான் மனைவி இல்லாதவன், மணவறைப் பக்கம் போகக்கூடாது என்று பெரியவர் ஒருவர் முதல்நாளே சொல்லியிருந்தார். நான் கிணற்றோரம் ஒதுங்கி நின்றேன். எங்கே நின்றாலும் கால் பரபரவென்றிருந்தது.

அப்போது மணமக்களுக்குப் பின்னால் ஒரு மூலையைப் பிடித்திருந்த மச்சான் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க மாப்ளே! அங்க என்ன பண்றீங்க? இந்தப் பக்கத்து மூலை ஆடுது. வந்து புடிங்க!"

பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். மச்சான் அவரைப் பார்த்து, "நீங்க வந்து புடிக்கறீங்களா பெரியவரே? கை வலிக்குமுங்க" என்றார். அவர் தள்ளி நின்றுகொண்டார்.

நான் போய்ப் பிடித்தேன். காற்று துணியைத் தூக்கியது, நாங்கள் எல்லாரும் ஒன்றாக இழுத்தோம். பந்தலுக்குள் வரக்கூடாதவன் பந்தல் காலாகவே நின்றேன், மயிலு. கைக்கெட்டும் தூரத்தில் சரோஜாவின் பின்னங்கழுத்து. நடராஜன் தாலி முடிச்சுப் போட்டபோது அவள் திரும்பி, முதலில் மாமனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. மச்சானுக்கும் இல்லை. அவர் முகத்தில் வழிந்ததை நான் பார்த்தேன், என்னுடையதை அவர் பார்த்திருப்பார்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில், "கடைசியா என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "சொன்னாளுங்க மச்சான். நெறைய சொன்னா" என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் சரோஜா ரயிலேறுகிறாள். அவன் வேலை பார்க்கும் ஊர் எங்கே இருக்கிறதென்று மில் ஆபீசில் தேசப்படத்தில் பார்த்தேன். மேலே, மேலே, விரல் போய்க்கொண்டே இருந்தது. அங்கே என்ன குளிரோ, எப்போது என்ன சேதி வருமோ? இதை யாரிடம் கேட்பேன்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். அவளை வண்டியேற்றிவிட்ட கையோடு சென்னிமலைக்குப் போவேன். உன் அண்ணன் வீட்டில் தங்கி, உன் கடைசி நாட்களில் நீ பேசியது அத்தனையும், அவரைப் பற்றி நீ சொல்லிச் சிரித்ததும் அழுததும், ஒன்று விடாமல் அவருக்குச் சொல்வேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

இப்படிக்கு,
உன் மாமன்,
சரோஜாவின் அப்பன்,
சின்னச்சாமி மச்சானுக்கு மறுபடியும் மாப்பிள்ளையான
வேலுச்சாமி