மரியஜோசப் சார் போகணும்

நவம்பர் 9, 2025. ஞாயிறு

பாய்ஸ் இன்றும் தோற்றார்கள். எனக்குச் சந்தோஷம்.

எழுதிவிட்டேன். வெளியே சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைப்போம். எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் சேர்வராயன் பாய்ஸ் தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காத வீடு எங்களுடையது. கல்லாவில் ஆள் நிற்க, மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அத்தா. அவர் பெற்ற பெண் நான், கடையின் பின் ஜன்னலில் நின்றுகொண்டு, எதிரணி இரண்டாவது கோல் போட்டதும் "அப்படிப் போடு" என்றேன். மெதுவாகத்தான். அத்தா காதில் விழவில்லை.

எல்லாம் ஒரே ஆளால். கோச் மரியஜோசப்.

சீசனின் முதல் ஆட்டத்தில் என் தம்பி தௌபீக்தான் கோல் கீப்பர். அரை மணி நேரத்துக்குள் மூன்று கோல் விட்டான். விட்டான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அவனை வெளியே கூப்பிட்டு, கேலரி மொத்தமும் கேட்கிற மாதிரி, "ஏன்டா, கைய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்றார். ஏற்காடே சிரித்தது. மறுநாள் ரசிகர் குரூப்பில் கையில்லாத பொம்மை ஒன்றை ஸ்டிக்கராக்கிச் சுற்றவிட்டார்கள். அடுத்த வாரமே தௌபீக் சேலத்தில் மாமாவின் செல்போன் கடைக்குப் போய்விட்டான். போன் செய்தால், "கஸ்டமர் இருக்காங்கக்கா" என்று வைத்துவிடுகிறான்.

என் தம்பி ஊரைவிட்டுப் போனான். அந்த ஆளும் போகணும். அதே மாதிரி, எல்லோரும் பார்க்கப் போகணும்.

நவம்பர் 12, புதன்

குரூப் இரண்டு கட்சியாகிவிட்டது. 'போகணும்' கட்சி, 'இருக்கட்டும்' கட்சி. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. 'இருக்கட்டும்' கட்சிக்குத் தலைவர் ஜீப் ஓட்டுகிற முனியப்பன் அண்ணன். மிளகு வாங்க வந்தவர் நேராகவே சொன்னார்.

"பசங்க ஓடறதே இல்லீங்க அம்மணி. அதுக்கு சார் என்னங்க பண்ணுவாரு? இந்த சீசன் முடியட்டுமுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

மிளகை நிறுத்துக் கொடுத்தேன். எப்போதும் கொசுறாகப் போடுகிற ஏலக்காயைப் போடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இடைவேளைக்கு முன்பே பனிமூட்டம் இறங்கிவிட்டது. இறங்கினால் கேலரியில் இருப்பவர்களுக்கு ஏரிப் பக்கத்து கோல் போஸ்ட் தெரியாது. எங்கள் பின் ஜன்னல் அந்த போஸ்டுக்கு நேர் பின்னால். அதனால் அந்தப் பக்கம் நடப்பதைக் கேலரிக்குச் சொல்வது எங்கள் வீட்டு வேலை. முன்பெல்லாம் அத்தா ஜன்னலில் நின்று கத்துவார். இப்போது நான் குரூப்பில் வாய்ஸ் போடுகிறேன். ஷபானா சொன்னால் கோல், சொல்லாவிட்டால் கோல் இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

இன்று அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் செலவழித்தேன். "டிஃபன்ஸ்ல ஆளே இல்லீங்க, சார் எல்லாத்தையும் முன்னாடி அனுப்பிட்டாரு" என்று வாய்ஸ் போட்டேன். ஒருத்தன் இருந்தான். குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். குனிந்திருப்பவனையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்ன?

ஆட்டம் முடிவதற்குள் 'போகணும்' கட்சிக்கு நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆட்டம் இல்லை. தௌபீக்குக்குப் போன் செய்தேன். கஸ்டமர் இருக்காங்களாம்.

நவம்பர் 30, ஞாயிறு

ஜெயித்துத் தொலைத்தார்கள்.

கடைசி நேரத்தில் அந்த நாகலூர்ப் பையன் தலையால் முட்டிப் போட்ட கோல் — என்ன கோல். எனக்குத் தெரியாமலே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன், கத்தினேன், அத்தாவைக் கட்டிக்கொண்டேன். அவர் கண் கலங்கிவிட்டார். அதற்கப்புறம்தான் மரியஜோசப்பை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

தோற்கவும் வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும். எனக்கு என்னதான் வேண்டும்?

டிசம்பர் 3, புதன்

அவரே கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காப்பித்தூள் கேட்டார். அரைக்கிற வரைக்கும் நிற்க வேண்டியிருந்தது.

"தௌபீக் எப்படிங்க இருக்கான்?"

"நல்லா இருக்கானுங்க சார். ரெண்டு கையும் இருக்குது."

முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அடுத்து நின்ற அம்மாவிடம், "உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று திரும்பிக்கொண்டேன். அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பதிலை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக வந்து விழும் என்று நினைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று தோற்றால் கோச்சை மாற்றுவது பற்றிக் கமிட்டி பேசும் என்று கிளப் செக்ரட்டரி பெருமாள் அண்ணன் குரூப்பில் போட்டிருந்தார். டிரா ஆனால்கூட மரியஜோசப் தப்பிப்பார்.

நல்ல மூட்டம். கேலரியும் தெரியவில்லை, நடு மைதானமும் தெரியவில்லை. ஏரிப் பக்கத்து போஸ்ட் மட்டும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடியப்போகிற நேரத்தில் பந்து உயரமாக வந்தது. எதிரணி ஆள் ஒருவன் எம்பி, கையால் தட்டி உள்ளே தள்ளினான். ஒளிவு மறைவே இல்லை. பரோட்டா மாவைத் தட்டுகிற மாதிரி தட்டினான். ரெஃபரி தூரத்திலிருந்து மூட்டத்துக்குள் ஓடி வந்து, வலைக்குள் பந்தைப் பார்த்து, விசிலடித்துவிட்டார். நம் பையன்கள் அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள்.

குரூப்பில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு.

"கோல்" என்று மட்டும் வாய்ஸ் போட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

பெருமாள் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். பையன்கள் எல்லோரும் கை பட்டது என்கிறார்களாம். எதிரணி இல்லை என்கிறதாம்.

"டீம்ல இல்லாத ஆளு யாராச்சும் பாத்தேன்னு சொன்னா மறுக்கா ஆட உடலாமுன்னு லீக்ல சொல்றாங்க. அந்தப் பக்கம் உங்க ஜன்னல உட்டா வேற யாருங்க? நீங்க சொன்னாப் போதும்."

அத்தாவும் என்னைப் பார்த்தார். நேற்று அந்த நேரம் அவர் தொழுகைக்குப் போயிருந்தார்.

கேலரி முழுக்கச் சிரித்த சிரிப்பு மறுபடியும் காதுக்குள் கேட்டது. தௌபீக் கையுறையைக் கழற்றிக்கொண்டே தலை குனிந்து நடந்து வந்தது தெரிந்தது.

"நொம்ப மூட்டமுங்கண்ணா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவர் நம்பிவிட்டார். பாவம், தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பொய்தான். இருக்கட்டும். அந்த ஆளும் அன்றைக்குப் பேசின பேச்சுக்கு ஒருத்தன்கிட்டயாவது கணக்குச் சொன்னாரா? ஒருத்தராவது எந்திரிச்சு, சின்னப் பையன இப்படிப் பேசலாமான்னு கேட்டாங்களா? கேக்கல இல்ல. அப்ப நானும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 20, சனி

அனுப்பிவிட்டார்கள்.

கமிட்டி அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. மரியஜோசப் ஸ்கூட்டரில் பந்துப் பையைக் கட்டிக்கொண்டு, எங்கள் கடை வழியாகத்தான் அடிவாரம் ரோட்டில் இறங்கினார். வாசலிலேயே நின்றேன். பார்க்க வேண்டும் என்று நின்றேன், பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் 'போகணும்' கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். அவர் திரும்பவில்லை.

இன்றைக்கு பிரியாணி செய்தேன். அத்தா என்ன விசேஷம் என்றார். சும்மாதான் என்றேன்.

தௌபீக்குக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'அந்த ஆள் போயாச்சு. நீ வரலாம்.' இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஜனவரி 18, 2026. ஞாயிறு

சீசன் முடிந்தது. சேலத்திலிருந்து வந்த புதுக் கோச் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பாய்ஸ் கீழ் டிவிஷனுக்கு இறங்குகிறார்கள். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

அந்த ஸ்டிக்கர் செய்த பயலே இன்று குரூப்பில், 'மரியஜோசப் சாரே இருந்திருக்கலாம்' என்று போடுகிறான். நாக்கா அது? முனியப்பன் அண்ணன் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை.

"அந்த மூட்டத்து ஆட்டம் டிரா ஆயிருந்தா தப்பிச்சிருக்கலாமுங்க, இல்லீங்களா அம்மணி?"

"ஆமாங்கண்ணா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அத்தா ராத்திரி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவர் பிறந்ததிலிருந்து பாய்ஸ் கீழே இறங்கியதில்லையாம். என்னாலும் சாப்பிட முடியவில்லை. ஆனால் இன்னொரு தடவை கேட்டாலும் மூட்டம் என்றுதான் சொல்வேன். என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தௌபீக் வந்துவிட்டான். முன்னால் சொல்லவே இல்லை, பையோடு வந்து கடைக்குள் நுழைந்தான். இளைத்திருக்கிறான். சிரிக்கிறான். பைக்குள் புதுக் கையுறை.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்ஸ் போட்டதை, பெருமாள் அண்ணன் வந்ததை, நான் தெரியவில்லை என்றதை. அவனுக்காகச் செய்தது. கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன்.

"நீ ஏங்க்கா இதெல்லாம் பண்ணுன?"

"ஏனா? உன்ன ஊரு முன்னாடி அப்படிப் பேசல?"

"பேசுனாருதான். ரெண்டு வாரம் அழுகாச்சியா வந்துச்சு. அப்பறம் மறந்துட்டேன்."

"அப்பறம் ஏன்டா போன வெச்ச?"

"நெசமாலுமே கஸ்டமர் இருந்தாங்கக்கா."

இன்னும் இருக்கிறது. குப்பனூர் டீமுக்கு மரியஜோசப்தான் இப்போது கோச்சாம். போன மாதம் தௌபீக்குக்குப் போன் செய்து, 'எனக்கு கீப்பர் வேணும், இந்தத் தடவ கையக் கொண்டாந்துருவியா?' என்று கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு என் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவர் மன்னிப்பும் கேட்டாராம். அதைப் போகிற போக்கில் சொல்கிறான்.

நான் இத்தனை நாள் நெஞ்சில் வைத்துப் பொசுங்கிய வார்த்தை அவனுக்குத் தமாஷ். யாருக்காகடா நான் இத்தன நாளும் — யாருக்காக?

அவனிடம் பேசவில்லை. அவரிடமும் பேசப்போவதில்லை. மன்னிப்பு அவன்கிட்டத்தானே கேட்டாரு, என்கிட்டயா கேட்டாரு?

பிப்ரவரி 27, வெள்ளி

நோன்பு வைத்துக்கொண்டே தௌபீக் சாயங்கால பஸ்ஸில் குப்பனூருக்கு இறங்குகிறான். பிராக்டிஸ் முடிந்து மைதானத்திலேயே நோன்பு திறக்கிறான். தூக்கில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பது என் வேலை. நேற்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு சாருக்கும் சேத்து ஊத்துக்கா. நான் குடிக்கறப்ப அவரு சும்மா உக்காந்திருக்காரு. அவங்களுக்கும் இப்பத் தவக்காலம், கறி மட்டும் போட்டுறாத."

நான் சரி என்று சொல்லவில்லை. அவன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

எங்கள் வீட்டில் கொத்துக்கறி போடாமல் நோன்புக் கஞ்சி வைத்ததே இல்லை. இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த அத்தா அடுப்படியை எட்டிப் பார்த்தார். பெரிய குண்டானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதே அரிசி, அதே பாசிப்பருப்பு, அதே தேங்காய்ப்பால், கறி மட்டும் கிடையாது.

"இது யாருக்கும்மா?"

"குப்பனூருக்கு" என்றேன்.

பெரிய குண்டானுக்கு உப்பைக் கையளவில் அளந்து போட்டேன். சின்னச் சட்டிக்குத் தெரிந்தேதான் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். யாராவது கேட்டால், நோன்பு வைத்திருந்தேன், ருசி பார்க்கவில்லை என்பேன்.