மூன்றாவது பற்றரி

மார்ச் 3, சனி

காலையிலேயே புழுக்கம். பத்து மணிக்குத் தண்ணீர் நின்றது.

வீட்டுக்கார மிசிஸ் பெரேரா மேலே வந்தார். நேற்று அடுத்த ஒழுங்கையில் பொலிஸ் வீடு வீடாகச் சோதனையாம். அலுமாரிக்கு மேலிருக்கும் பிஸ்கற் ரின்னைப் பற்றிக் கேட்டார். அதில் இருப்பவை என் கணவர் வேலைக்கு டோகா போகும்போது விட்டுப்போன மூன்று பற்றரிகள். ரிமோட் பிளேனுக்குப் போடுபவை. பிளேன் இல்லை, பொலிஸ் சந்தேகப்படும் என்று போகுமுன் தானே உடைத்துப் போட்டுவிட்டார். மிசிஸ் பெரேரா சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “நீ யாரென்று எனக்குத் தெரியும், மகள். அவங்களுக்குத் தெரியாது.”

அடுத்த ஞாயிறுக்கு மேல் ரின் வீட்டில் இருக்கக்கூடாதாம். இல்லாவிட்டால் வேறு வீடு பார்க்கட்டாம். வெள்ளவத்தையில் இப்போது தமிழ் ஆட்கள் எங்களுக்கு யார் வீடு தருவார்கள்?

ரின்னைத் திறந்தேன். இரண்டு தலையணை மாதிரி வீங்கிவிட்டன. இப்படியே குப்பைக்குப் போட முடியாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். முதலில் உள்ளே இருக்கும் சார்ஜை இறக்க வேண்டும்.

மார்ச் 5, திங்கள்

இவரிடமிருந்து கோல். பற்றரி, வயர் என்று ரெலிபோனில் சொல்லப் பயம், குண்டு என்று நினைப்பார்கள். “அந்தச் சாமான்” என்றே கதைத்தோம். கார் பல்பு ஒன்றை எரியவிட்டால் தானாக இறங்கும், மணலில் வைத்துச் செய்ய வேண்டும் என்றார். என்னைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். வேறு ஆர் இருக்கினம் என்றேன்.

மார்ச் 7, புதன்

ஒஃபிசில் அரை நாள் லீவு. பஞ்சிகாவத்தை, வாகனச் சாமான் கடைத்தெரு. வாங்கியவை:
12 வோல்ட் பல்பு 2
ஹோல்டர் 1
சிவப்பு, கறுப்பு வயர்
ஈயம் கொஞ்சம்

கடைக்காரர் “என்ன வாகனம் மிஸ்?” என்றார். இல்லாத வாகனத்துக்கு ஒரு பெயர் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸை நிறுத்தி பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரரிடமும் அதே பொய்.

பின்னேரம் ஈயம் உருக்கி ஹோல்டரில் வயரை ஒட்டினேன். விரல் சுட்டது. ஐந்து வருஷமாக இவர் ஒட்டுவார், நான் வயரைப் பிடிப்பேன். அந்தப் புகை மணத்தில் இவர் சாரத்தோடு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, பக்கத்தில் இருக்கிற மாதிரி. அழவில்லை. தேத்தண்ணி போட்டேன்.

மார்ச் 10, சனி

பின் பல்கனி. மண்சட்டியில் மணல், மணலில் பற்றரி, வெளியே பல்பு. வோல்ட் மீற்றர் காட்டியது:

1.10 – 12.3
1.40 – 11.5
2.25 – செத்த வெளிச்சம்

முதலாவது முடிந்தது. இரண்டாவதும். பல்பைப் பார்க்கக் கண் கூசியது. இது முழுக்க இவர் போவதற்கு முந்திய சனிக்கிழமை ஏற்றிய சார்ஜ். அடுத்த நாள் ஞாயிறு, கடைசி முறையாகப் பாணந்துறைப் பக்கம் போய்ப் பறக்கவிட இருந்தோம். காலையில் றோட்டை மூடிவிட்டார்கள். தெஹிவளையிலிருந்து திரும்பி, சாப்பிட்டு, படுத்தோம்.

பிளேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. “இப்ப விடும்!” என்பார். நான் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் விடுவேன். ஒரு நாளும் ஏசவில்லை.

மார்ச் 11, ஞாயிறு

மழைக்குணம், பெய்யவில்லை. கீழே மிசிஸ் பெரேரா இருமுவது கேட்கிறது. இன்றோடு கெடு முடிகிறது.

மூன்றாவது வீங்கவில்லை. பல்பைக் கொளுவி இருபது நிமிஷத்தில் இவர் கோல் எடுத்தார். இது வீங்காதது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அப்ப அதை முழுக்க இறக்காதையும். பதினொண்டு தசம் நாலிலை நிப்பாட்டும், கெடாமல் கிடக்கும். நான் வந்து, ரெண்டு பேருமாப் புதுசா ஒண்டு கட்டுவம்.”

வருவது எப்போது என்று இவ்வளவு நாளில் இவர் வாயால் வந்ததே இல்லை. இன்றும் சொல்லவில்லை. ஆனால் “வந்து” என்றார். ரெலிபோன் கார்ட் முடிந்து கட் ஆனது.

மீற்றரில் 11.6. பக்கத்தில் வாங்குப் பலகையைப் போட்டு அதில் இருந்தேன். 11.5. வயரைக் கையில் பிடித்தபடி. 11.4. இழுக்கவில்லை. 11.3.

மூன்றரைக்குத் திரும்ப எடுத்தார். வேறு கார்ட் வாங்கியிருக்கிறார்.

“நிப்பாட்டினீரா?”

“ஓம்” என்றேன்.

பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாக. 6.2. இனிச் சார்ஜ் ஏறாது.