திறக்கக் கூடாத குடம்

பிப்ரவரி 3, திங்கள்
கடைக்கு மாரண்டஹள்ளியிலிருந்து வந்த தக்காளி பாதி அழுகல். திருப்பி அனுப்பினேன்.
மாலையில் கொழுந்தனார் தீர்த்தகிரி வந்தார். கால் கழுவாமல் உட்கார்ந்தார். "ஊர்ல பேசிக்கறாங்க அண்ணி. குடத்துல இருந்த தங்க அம்மனை அண்ணன் வித்துட்டாராம்." ஊர் என்றால் இவர்தான். என் கணவர் இறந்ததும் திருவிழாவில் எங்கள் வீட்டுக்கு வரும் முதல் மரியாதையை நிறுத்தியவரும் இவரே.
அந்தச் செப்புக் குடம் தலைமுறைகளாக மூத்தவர் வீட்டுப் பூசை அறையில், இப்போது எங்கள் வீட்டில், இருக்கிறது. மூடியில் ஆணி அடித்திருக்கிறது. திறந்தால் கண் போய்விடும் என்பார்கள்.

பிப்ரவரி 4
திறக்காமல் பார்க்க எக்ஸ்ரே உண்டு என்று தீர்த்தகிரியிடம் சொன்னேன்.
"எக்ஸ்ரேல பாத்தா மட்டும் கண்ணு போகாதுங்களா?"
முதலில் நான் பார்க்கிறேன் என்றேன். எனக்கு ஏற்கெனவே கண்புரை.

பிப்ரவரி 10
தருமபுரியில் ஸ்கேன் சென்டர். பெயர் கேட்டார்கள். "அம்மன்" என்றார் தீர்த்தகிரி. வயது கேட்டார்கள். என்னைப் பார்த்தார்.
எலும்பு பார்க்கும் கருவி செம்புக்குப் போதவில்லை. படம் முழுக்க வெள்ளைக் கோடுகள்.

பிப்ரவரி 18
ஓசூர். எஞ்சின் வார்ப்புகளில் விரிசல் தேடும் பெரிய எக்ஸ்ரே. குடத்தைச் சுழற்றி எல்லாப் பக்கமும் படம் எடுக்கிறது. தீர்த்தகிரி அதன்முன் கற்பூரம் ஏற்றப் போனார். தடுத்தார்கள்.
இயக்கும் பெண் அலீனா, திரையைக் காட்டினாள். "அரிவா மொனைங்கம்மா. கூட ராகி மாதிரி மணிங்க. தங்கம்னா பளிச்சுனு வெள்ளையாத் தெரியும். அப்படி எதுவும் இல்லீங்க."
அவர் எடுத்திருப்பாரோ— இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அப்படித் தோன்றலாமா? தோணிச்சே. எனக்கே தோணிச்சே.
மூடியை யாராவது திறந்திருக்கிறார்களா என்று கேட்டேன்.
"இல்லீங்கம்மா. அரிவாத் துரு மூடியோட சேந்து ஒரே கட்டியா வளந்திருக்கு. தெறந்திருந்தா ஒடஞ்சிருக்கும்."
"அப்ப அம்மனே இல்லீங்களா?" என்றார் தீர்த்தகிரி.

பிப்ரவரி 19
விடிந்ததும் வந்தார். நின்றுகொண்டே பேசினார். "தங்கம் இல்லைன்னா ஊரு தாங்காதுங்க அண்ணி. வெளிய சொல்லிராதீங்க."
சொல்லாவிட்டால் என் கணவர் திருடர். "உங்கண்ணன் தொடலைன்னு எல்லார் முன்னாலயும் நீங்க சொல்லுங்க. மத்ததை நான் சொல்லலை."

மார்ச் 21, வெள்ளி
திருவிழா. ஒலிபெருக்கியில் தீர்த்தகிரி: "ஓசூர்ல பெரிய மிஷின்ல பாத்தாச்சுங்க! அம்மன் இருந்த எடத்துலயே இருக்கறா. எங்கண்ணன் கை வெக்கலை!" ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் திருத்தவில்லை.
முதல் தேங்காயை அவரே என் வாசலுக்குக் கொண்டுவந்தார். குனிந்து, "அந்த எக்ஸ்ரே படம் எங்கீங்க அண்ணி?" என்றார்.
"பத்திரமா இருக்கு."
அடுத்த வருடமும் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கே என்று அவராகவே சொன்னார்.