எழுந்து நிற்க ஒருவர்

ஆலயக்குடிக்காடு,
6-1-2025

அன்பு மகள் பெர்சியாளுக்கு,

அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நலம். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து மாப்பிள்ளை போனதிலிருந்து, போனில் கூப்பிட்டால் ‘உம்’ என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. அதனால்தான் ஈஸ்வரி டீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது ஒரத்தநாடு பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஊருக்கு வருவது அந்த ஒரு பஸ்தான். இருந்தாலும் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. இது நூற்றைம்பதாவது வருஷம். தரங்கம்பாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கூத்தாநல்லூர் மீரா சாகிப் வழக்கம்போல் விருந்து சமைக்கத் தேக்சாக்களோடு வருகிறார். போதகர் ஐயரிடம் வேதபாடம் வாசிக்கிறேன் என்று கேட்டேன். “பாடமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். படிக்கிறீங்களா ஒப்பிக்கிறீங்களான்னு யாருக்குத் தெரியும்? செத்தவங்க பேர வாசிங்க. அது படிச்சாத்தான் ஆச்சு” என்று சிரித்தார். அந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டது.

நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். பெயரை வாசித்ததும் அந்த வீட்டு ஆள் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். நிற்க ஆள் இல்லாத பெயர் அடுத்த பண்டிகைக்குத் தள்ளிப் போகும். மாப்பிள்ளைக்கு உன்னைத் தவிர யாருமில்லை. அவர் பெயர் இரண்டு பண்டிகையாகக் காத்திருக்கிறது. வந்து நின்றால் போதும். பேச வேண்டாம்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் அப்பா,
மாசிலாமணி


தாம்பரம்,
11-1-2025

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது.

இங்கே விடுதிப் பெண்கள் காலையில் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் வருகிறார்கள். நான் கேட்டைத் திறக்கிறேன், பூட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஆலயத்தில் மணி அடிக்கும். ஜன்னலைச் சாத்துவதில்லை. போவதுமில்லை.

லீவு கிடைக்காது என்று எழுத நினைத்தேன். கேட்டால் கிடைக்கும். கேட்கவில்லை.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

பெர்சியாள்


ஆலயக்குடிக்காடு,
18-1-2025

பிரியமுள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். “அறுபது வருஷமா பாட்டுப் புத்தகத்தத் தலைகீழா புடிச்சுக்கிட்டுப் பாடுன மனுசன், மக லெட்டர படிக்கிறாரு பாரு” என்றாள். தைலம் வந்தது. தேய்த்துக்கொள்கிறாள்.

சம்பா அறுப்பு முடிந்தது. மெஷின்தான். வாய்க்கால் ஓரம் மழையில் சாய்ந்ததை மட்டும் ஆள் வைத்து அறுத்தோம். ஆலயத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வாசல் சுவரில் உள்ள கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதுதான் படித்தேன். ‘கர்த்தரே இம்மட்டும் உதவினார்’ என்று இருக்கிறது. இத்தனை வருஷம் அதன்மேல் குடையைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

மீரா சாகிப் வந்து போனார். மாப்பிள்ளை மாதிரி கரண்டி பிடிக்க இந்த ஊரில் இன்னும் ஆள் அமையவில்லையாம். “அண்ணே, அந்தப் பேருக்கு யாரும் எந்திரிக்கலன்னா நான் எந்திரிக்கிறேன். உங்க ஐயரு என்னை வெளிய தொரத்திருவாரா?” என்று கேட்டார். “பொண்டாட்டி இருக்கையில நீங்க ஏன் நிக்கணும்?” என்று அம்மா சொல்லிவிட்டாள். பாவம், டீயைக்கூடக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நீ வந்துவிடேன். வராவிட்டால் யாரை நிற்கச் சொல்லட்டும்?

உன் பதிலுக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கும்,
அப்பா


தாம்பரம்,
24-1-2025

அப்பாவுக்கு,

யாரும் நிற்க வேண்டாம். அவர் பெயரை வாசிக்க வேண்டாம்.

கோபம் இல்லை. அடக்கத்தன்று ‘அழுதுடு பெர்சியா, அழுதுடு’ என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். செருப்பை எங்கே விட்டேன் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன். எழுந்து நின்றால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது.

நீங்கள் வாசிப்பதைக் கேட்க எனக்கு ஆசை இருக்க வேண்டும். இருக்கிறதா என்று தெரியவில்லை.

விருந்தன்று அம்மாவை ரொம்ப நேரம் நிற்க விடாதீர்கள்.

பெர்சியாள்


ஆலயக்குடிக்காடு,
4-2-2025

அன்பு மகளுக்கு,

பண்டிகை நல்லபடியாக முடிந்தது. ஆலயத்துக்குள் இடம் போதாமல் பந்தலிலும் ஜனம். முதல் கதிர்க்கட்டைப் பீடத்தில் வைத்தோம். சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல். மீரா சாகிப் பழியைச் சபைச் செயலர் மேல் போட்டுவிட்டார்.

பெயர்களைத் தப்பில்லாமல் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் எழுந்து நின்றார். கடைசி பெஞ்சில் ஈஸ்வரி டீச்சர் என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பெயர் வந்தது. பார்த்தேன். பிறகு அடுத்ததற்குப் போய்விட்டேன். மீரா சாகிப் கரண்டியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். அவரும் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

பந்தியில் ஒருவன், “பெருசுக்கு அந்தப் பேரு மட்டும் எழுத்துக்கூட்ட வரல” என்றான். சிரித்தார்கள். டீச்சர் முகம் வாடிவிட்டது. நீ வேண்டாம் என்றதைப் பந்தியில் வைத்துச் சொல்ல முடியுமா? வரலைதான் என்று நானும் சொல்லிவிட்டேன்.

எனக்குப் படிக்க வரும், பெர்சியா. எழுதவும் வரும். மாப்பிள்ளை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டதில் அவர் பெயரை எழுதியதே இல்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தா. ஜெபமணி.

அப்பா


தாம்பரம்,
9-2-2025

அப்பாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஆலயத்தில் மணி அடித்தது. உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். பெயர் வந்ததும் எழுந்து நின்றேன்.

அழுகை வரவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனேன்.

அந்தப் பெயரை அடுத்த பண்டிகைக்குத் தள்ள வேண்டாம் என்று ஐயரிடம் சொல்லிவிடுங்கள். ஆள் நின்றாயிற்று.

பெர்சியாள் ஜெபமணி