காருக்குப் பின்னால் ஊற்றும் தண்ணீர்

மார்ச் 4, ஞாயிறு

காலை உணவின்போது ஹால்துனிடம், "காரை வித்துட்டேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான். அவர் ஆலிவ் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நல்லது பண்ணினே, நெர்மின்" என்றார். இபெக் சிரித்த சிரிப்பில் தேநீரைச் சிந்திவிட்டாள். "அப்பா, நாளைக்கு ஸ்குவாட்ரனுக்கு நடந்தே போங்க!" அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9

மேசையில் இடம் மாற்றிக்கொண்டார். இப்போது அவருக்கு இடப்பக்கம் சுவர். ஜன்னல் வழியே இஸ்மித் வளைகுடா நன்றாகத் தெரிகிறதாம். கடற்படைக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து அதே ஜன்னல், அதே வளைகுடா.

மார்ச் 17

அவரிடம் நேரே கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை. ஸ்குவாட்ரனில் ஹெலிகாப்டர் ஓட்டி, அந்த இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இடது காது மந்தமாகாமல் என்ன செய்யும் என்றார். அப்படியானால் மருத்துவப் பரிசோதனையில் எப்படித் தேறினார்?

"அங்க கண்ணாடில, சத்தம் எழுப்பற பொத்தானை அமுக்கறவனோட தோள் தெரியும். தோள் அசைஞ்சா, சத்தம் கேட்ட மாதிரி கையைத் தூக்கிடுவேன்."

பரீட்சையில் காப்பியடித்த பையன் மாதிரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உறுத்தியது அதுதான்.

மார்ச் 30

ஒரு காது போனால் என்ன, ஹெல்மெட்டுக்குள் இன்னொன்று இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை குளியலறையில் வாஷிங் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. தரை சுற்றுகிறதாம். முதலில் காதுக்குள் வண்டு மாதிரி ஒரு சத்தம், பின்னாலேயே இது. முன்பும் வந்திருக்கிறது.

"பறக்கறப்ப வந்ததே இல்ல. ஆகஸ்ட்ல பதவி உயர்வுப் பட்டியல் வந்துடும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

முகம் துடைக்கத் துண்டை நீட்டினேன். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்.

அரை மணி கழித்து, வழக்கம்போல் இபெக்குக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது தொடங்கிய வேலை. நான் பின்னினால் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். அவர் பின்னியது கப்பல் கயிறு மாதிரி நிற்கும்.

ஏப்ரல் 8

கொராயும் சிபெலும் சாப்பிட வந்தார்கள். கொராய், ஹால்துனின் துணை விமானி. சிபெலுக்கு ஆறாம் மாதம்.

"அண்ணி, கடல்மேல இருட்டுல தாழ நிக்கறப்பக்கூட, பக்கத்துல கமாண்டர் இருந்தா எனக்குக் கொட்டாவிதான் வரும். அவ்வளவு நிம்மதி."

"வீட்ல நேரா குறட்டைதான்" என்றாள் சிபெல்.

எல்லோரும் சிரித்தோம். அவள் நெளிவதைப் பார்த்து ஹால்துன் எழுந்து போய், முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தார். யாரும் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது. இப்படிப்பட்ட மனிதர்தான். நான் சோறு பரிமாறினேன்.

ஏப்ரல் 12

நாளை மாலை மீட்புப் பயிற்சி. கொராயும் போகிறான்.

மருத்துவப் பிரிவின் எண்ணைத் தேடி எடுத்தேன். அழைக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் — முடியவில்லை. முகத்துக்கு நேரே முடியுமா?

ஏப்ரல் 13

அவர் கிளம்பும்போதெல்லாம் காருக்குப் பின்னால் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் போலத் தடையில்லாமல் போய்த் திரும்பட்டும் என்று இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். பட்டம் வாங்கியவள் நான். இதில் நம்பிக்கை என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் கல்யாணம் ஆனதிலிருந்து தவறவிட்டதில்லை. அவர் கேலி செய்வார்: "டயர் கழுவ வீட்லயே ஆள் வச்சிருக்கேன்."

இன்று மதியம் ஜக்கோடு நின்றேன். அவர் காரைக் கிளப்பினார். நான் ஊற்றவில்லை. கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் கார் நின்றது. தலையை வெளியே நீட்டினார்.

"என்ன, ஊத்தலையா?"

"இல்ல."

"நேரமாச்சு நெர்மின்."

"போங்களேன், யார் தடுத்தா? அந்த பிளாக்ல சிபெல் வயித்தைத் தூக்கிக்கிட்டு கொராய்க்கு ஊத்திட்டிருப்பா. அவளுக்கு எதுவும் தெரியாது, ஊத்தலாம். எல்லாம் தெரிஞ்சவ நான் எப்படி ஊத்தறது?"

"கத்தாதே."

"கத்தினாத்தானே உங்களுக்குக் கேக்குது!"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. புயலில் கப்பல் தளத்தில் இறங்கியவர், சகுனம் பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர், ஒரு ஜக் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அது இல்லாமல் அவரால் கிளம்ப முடியாது. எங்கள் இருவருக்குமே அது இன்றுதான் தெரிந்தது.

எஞ்சினை அணைத்தார். "ஸ்குவாட்ரனுக்கு ஃபோன் பண்ணு" என்றார். பிறகு, "வேணாம், நானே பண்றேன்."

ஜக்கைச் சமையலறையில் வைத்தேன்.

மே 2

உள்காதில் நோய். இனிப் பறக்க அனுமதியில்லை. தரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என்னோடு பேசுவதில்லை. இபெக்கின் பின்னல் மட்டும் தினமும் நடக்கிறது. "அப்பா, வலிக்குது, இவ்வளவு இறுக்காதீங்க" என்றாள் இன்று.

மே 6

கொராய் வந்தான். உட்காரவில்லை.

"எனக்காவது சொல்லியிருக்கலாம், கமாண்டர்."

"சொல்லியிருந்தா நீ என்கூட ஏறியிருக்க மாட்டே."

"ஏறியிருப்பேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். ஹால்துன் அவன் நின்ற இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீ இருக்கா?" என்றார். பேச்சு அப்படித் தொடங்கியது.

ஜூலை 11

சிபெலுக்குப் பெண் குழந்தை. கொராய் ஹால்துனைத்தான் முதலில் அழைத்தானாம். வலது காதில் ஃபோனை வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தார்.

ஆகஸ்ட் 5

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டினார்.

செப்டம்பர் 17

ஊர் ஊராக மாற்றலாகிப் போனதில் நான் விட்டுவிட்ட வேலை, கடைசியில் கிடைத்திருக்கிறது. வளைகுடாவுக்கு அக்கரையில் ஒரு பள்ளியில் புவியியல். இன்று முதல் நாள். காரை நான் எடுத்துக்கொண்டேன்.

கிளப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுச் செருப்போடு ஜக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கார் நகர்வதற்கு முன்பே ஊற்றிவிட்டார்; பாதி அவர் காலில், மீதி பின் டயரில். எப்போது ஊற்ற வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் காருக்குள் இருந்தவர்.

தலையை வெளியே நீட்டி, "டயர் சுத்தமாச்சா?" என்று கத்தினேன்.

"போ, போ, நேரமாச்சு."

திருப்பத்தில் மறுபடி பார்த்தேன். உள்ளே போகவில்லை. வலது காதைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.